பெரிய மின்சார எஸ்யூவி வாங்கியபின் ஈபி பில் 1,301-லிருந்து 6,135 ஆகிவிட்டது, வண்டியில் கோளாறா?

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் இருக்கிறேன். ஐந்து மாதத்துக்கு முன்னால் 79 யூனிட் பேட்டரி உள்ள ஒரு பெரிய மின்சார எஸ்யூவி எடுத்தோம். பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்கு வாரத்தில் மூன்று, நாலு நாள் போய்வருவேன், போகவர 80 கிலோமீட்டர். இரண்டு மாதத்தில் 2,400 கிலோமீட்டர் வரும், சார்ஜ் முழுக்க வீட்டில்தான், பழைய ஏசி பிளக்கில்.

வண்டி வருவதற்கு முன் எங்கள் வீட்டு ரீடிங் 420 யூனிட், பில் 1,301. இப்போது 930 யூனிட், 6,135 ரூபாய். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது என்று எல்லோரும் சொல்லித்தான் எடுத்தேன். திரையில் 100 கிலோமீட்டருக்கு 19 யூனிட் காட்டுகிறது, அப்படியென்றால் 456 யூனிட்தானே ஆகியிருக்க வேண்டும்? மீட்டரில் 510 கூடியிருக்கிறது. மீதி 54 யூனிட் எங்கே போனது, எங்காவது கசிகிறதா?

இன்னொன்று. போன மாதம் மேலே கேரியரில் சாமான் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு சென்னை கிளம்பினோம். முழு சார்ஜ். கள்ளக்குறிச்சி தாண்டும்போது 14% என்று காட்டியதும் பின்னால் இருந்த அம்மா பயந்துவிட்டார். பேட்டரி கெட்டுவிட்டதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (சேலம்):
அண்ணா, எந்த வேகத்தில் போனீர்கள்? டயரில் காற்று எவ்வளவு? இந்த இரண்டும் தெரியாமல் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டாம்.

கேட்டவர்:
115, 120-ல்தான் போனேன், ரோடு நன்றாக இருந்தது. காற்றை இன்று காலை வண்டி எடுப்பதற்கு முன்தான் பார்த்தேன், நாலிலும் 29. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 36 என்று இருக்கிறது.

பதில் (சேலம்):
சரி, அங்கேதான் இருக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏறும். 90-ல் இருப்பதைவிட 120-ல் கிட்டத்தட்ட 1.8 மடங்கு. எஸ்யூவிக்கு முகமே சுவர் மாதிரி, அதன்மேல் கேரியர் சாமான் வேறு, டயரும் தொய்ந்து கிடந்திருக்கிறது. கோவையிலிருந்து கள்ளக்குறிச்சி சுமார் 265 கிலோமீட்டர், நீங்கள் செலவழித்தது 68 யூனிட், அதாவது 100-க்கு 25-க்கு மேல். இந்த எடைக்கு, இந்த வேகத்துக்கு அது வரக்கூடிய கணக்குதான், பேட்டரிமேல் தப்பில்லை. விளம்பரத்தில் வரும் ரேஞ்ச் நம் நாட்டுச் சோதனை முறையில் எடுத்தது, அதில் உச்ச வேகமே 90, ஏசியும் போடுவதில்லை. அதை நம்பிச் சென்னைக்குக் கணக்குப் போடக்கூடாது.

பதில் (திருச்சி, மூன்று வருடமாக மின்சார வண்டி):
பில் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் நானே முதல் வருடம் குழம்பி, வெள்ளை அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டிருக்கிறேன். உங்கள் வண்டி தின்றதைவிட ஸ்லாப், அதாவது யூனிட் கூடக் கூட ஏறும் கட்டணப் படி, தின்றதுதான் அதிகம். 2024 ஜூலை கட்டணத்தில் 500-க்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.35, அதற்கு மேல் 400 வரை 4.70, பிறகு 6.30. 500-ஐத் தாண்டிய உடனே அந்த 2.35 போய்விடும், 101-லிருந்தே 4.70. அப்புறம் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50. வண்டிக்கான யூனிட் எப்போதும் மேல்தட்டில்தான் போய் உட்காரும். கூடிய 510 யூனிட்டுக்கு நீங்கள் கட்டியது 4,834 ரூபாய், யூனிட்டுக்கு 9.48 ஆகிறது. கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்.

முன்பு டீசல் வண்டி வைத்திருந்தீர்களா? லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தாலும் 2,400 கிலோமீட்டருக்கு 200 லிட்டர், லிட்டர் 92 என்று வைத்தாலே 18,400. அதை மறக்க வேண்டாம்.

54 யூனிட் கசிவு இல்லை. மீட்டரிலிருந்து வருவது ஏசி கரண்ட் (மாறுமின்னோட்டம்), பேட்டரிக்குப் போவது டிசி (நேர்மின்னோட்டம்), ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது சூடாக வீணாகும். பத்து சதவீதம் சாதாரணம். மெதுவாக ஏற்றினால் வண்டியின் கம்ப்யூட்டர், பம்ப் எல்லாம் அவ்வளவு நேரமும் விழித்திருக்கும், அதனால் இன்னும் கொஞ்சம் கூடும்.

மாடியில் இடம் இருந்தால் 3 கிலோவாட் சோலார் போடுங்கள், மத்திய அரசு மானியம் 78,000. நாளைக்கு 12 யூனிட் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 720. மீட்டர் கணக்கில் மிச்சம் 210 யூனிட்தான், அதற்கு யூனிட் கட்டணம் 282.

பதில் (வயரிங் வேலை செய்பவர், ஈரோடு):
எல்லோரும் பில்லைப் பேசுகிறீர்கள், எனக்குப் பயம் அந்தப் பழைய ஏசி பிளக்கில். இரவில் இரண்டு மணி நேரம் சார்ஜ் ஏறியபின் பிளக் தலையைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சுட்டால் உடனே நிறுத்துங்கள். கழற்றி, பிளக்கின் முள் பழுப்பேறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏசி விட்டு விட்டு ஓடும், வண்டி எட்டு மணி நேரம் ஒரே மூச்சாக இழுக்கும். மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் செம்பு வயர், தனி எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்), ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்), நல்ல எர்த். 7.2 கிலோவாட் சார்ஜர் போடுவதென்றால் அனுமதித்த லோடு எவ்வளவு என்று பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கேட்டவர்:
பிளக்கைக் கழற்றினேன். ஒரு முள் அடியில் தேன் நிறத்தில் பழுத்து, பக்கத்தில் பிளாஸ்டிக் லேசாக உருகியிருந்தது. அந்த அறையில்தான் குழந்தைகள் தூங்குகிறார்கள், கை நடுங்கிவிட்டது. மறுநாளே தனி லைன் இழுத்தாயிற்று. அண்ணா, உங்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

பதில் (திருச்சி):
நல்லவேளை. டயரையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டு டன்னுக்கு மேல் எடை, சிக்னலில் அழுத்தி எடுத்தால் சீக்கிரம் தேயும். இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் பகுதிக்கு மட்டும் 2022-ல் அறிவித்த கட்டணப்படி கொஞ்சம் குறைவு, பெரிய டீசலுக்கு 7,897, உங்களுக்கு 6,712.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து):
காற்று 36 வைத்து, கேரியரைக் கழற்றிவிட்டு, 90, 95-ல் மறுபடி சென்னை போனோம். அதே கள்ளக்குறிச்சியில் 35% இருந்தது. அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். சோலாருக்கு இந்த வாரம் அளவெடுக்க வருகிறார்கள்.