பாட்டு நடக்கும்போது வாயே திறக்கக்கூடாதா?

காவிரிக்கரை:
அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் சின்ன ஊரில், நாட்டுப்பாடல் கேட்பதற்கென்றே ஓர் அரங்கு இருக்கிறது. எழுபது நாற்காலி, ஒரு மைக். டிக்கெட் கிழிப்பதிலிருந்து காபி போடுவது வரை எல்லாம் தன்னார்வலர்கள்தான். போன சனிக்கிழமை அங்கே போனோம். பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வாசித்தவர், ரயில் பாதை போட்ட கூலியாட்களின் பாட்டு ஒன்றை எடுத்தார். என் ஆறு வயசுப் பையன் "அப்பா, அது என்ன வாத்தியம்?" என்று கேட்டான். உடனே ஓர் அம்மா வந்து உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். பையன் முகம் வாடிப்போச்சு.

சம்மட்டி அடிக்கு ஒருத்தர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து பாடிய பாட்டு அது. அதைக் கைகட்டி உட்கார்ந்து கேட்கச் சொன்னால், பாட்டிலிருந்து ஆட்களை வெளியேற்றிய மாதிரிதானே?

பனிமூட்டம்:
இதே மாதிரி வேறோர் அரங்கில் ஒன்பது வருஷமா தன்னார்வலரா இருக்கேன். என் வேலை காபியும் பாத்திரமும். பாட்டு நடக்கும்போது குழாயைத் திறக்க மாட்டோம், கல்லாப்பெட்டியைக்கூடச் சாத்த மாட்டோம். கழுவுறதெல்லாம் இடைவேளையில்தான்.

காரணம் இருக்கு. 1960-ல் லீனா ஸ்பென்சரும் கணவர் பில்லும் நியூயார்க் மாநிலத்து சரடோகா ஸ்பிரிங்ஸில் கஃபே லீனாங்கிற நாட்டுப்பாடல் காபிக்கடையைத் திறந்தாங்க. பின்னாடி பெரிய புகழ் பெற்ற பாடகர் பாப் டிலன் மறு வருஷம் அங்கே பாட வந்தார். அப்போ அவரை யாருக்கும் தெரியாது. அவர் பாடப் பாட கூட்டம் பேசிக்கிட்டே இருந்தது. பில் மேடையேறி கூட்டத்தை அதட்டினார். லீனா 1989-ல் இறந்த பிறகும், அவரை நேசிச்சவங்க அந்த இடத்தை மூட விடலை. லாப நோக்கில்லாத அமைப்பா இன்னிக்கும் நடக்குது.

எங்க பாடகருக்குப் போறது டிக்கெட் வசூலில் ஒரு பங்கு, கொண்டுவந்த சிடியில் நாலைந்து விற்ற காசு. அதுக்காக முந்நூறு மைல் கார் ஓட்டி வர்றாங்க. பெரிய பணம் எங்களால் தர முடியாது. அமைதியைத் தரலாம். அதையும் கேட்கக்கூடாதுன்னா எப்படி?

காவிரிக்கரை:
மறைந்த அமெரிக்க நாட்டுப்பாடகர் பீட் சீகர், மேடையேறினால் கூட்டத்தையும் பாட வைத்துவிடுவார். அவரைவிடவா நமக்கு நாட்டுப்பாட்டு தெரியும்? எங்கள் ஊரில் கூத்து விடிய விடிய நடக்கும். பாதிப் பிள்ளைகள் பாயில் தூங்கும், மீதி கட்டியங்காரனுக்குப் பதில் சொல்லும். யாரும் யாரையும் அடக்கியதில்லை.

தட்டாங்கல்:
இங்கிலாந்திலிருந்து எழுதுகிறேன். நான் போகும் நாட்டுப்பாடல் கிளப், பப் ஒன்றின் மாடியில் நடக்கிறது. மைக் கிடையாது. வந்தவர்களில் யார் வேண்டுமானாலும் எழுந்து பாடலாம். பாடுபவர் தனியாகப் பாடும் அடிகளில் பீர் கிளாஸை மேஜையில் வைக்கும் சத்தம்கூடக் கேட்காது. பல்லவி வந்ததும் அத்தனை பேரும் கூரை அதிரப் பாடுவார்கள். விதி என்று யாரும் எழுதி ஒட்டியதில்லை.

ஆனால் பனிமூட்டம், ஒன்று கேட்கிறேன். எங்கள் கிளப்பில் பெரும்பாலும் நரைத்த தலைகள். உங்கள் அரங்கிலும் அப்படித்தான் என்றால், ஆறு வயசுப் பையனை முறைத்து அனுப்பிவிட்டு இருபது வருஷம் கழித்து நாற்காலி போட யாரைக் கூப்பிடுவீர்கள்?

பனிமூட்டம்:
அந்த அம்மா செஞ்சது தப்பு. பக்கத்தில் உட்கார்ந்து காதோரம் "பாஞ்சோ"ன்னு சொல்லியிருக்கலாம். ஆனா அமைதியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போன குளிர்காலத்தில் ஒரு பாட்டி வாத்தியமே இல்லாம நீளமான கதைப்பாட்டு ஒண்ணு பாடினாங்க. கடைசிச் சரணத்தில் குரல் மெல்ல இறங்கி, மூச்சோட மூச்சா ஆயிடுச்சு. ஹீட்டர் டிக் டிக்குன்னு ஓடுறது எனக்குக் கேட்டது. முடிஞ்சும் கொஞ்ச நேரம் யாரும் கை தட்டலை. பின்வரிசையில் ரெண்டு பேர் பேசியிருந்தா அந்தச் சரணம் யாருக்கும் கிடைச்சிருக்காது.

கூத்துக்கு எட்டூருக்குக் கேட்கிற தொண்டை வேணும். தாலாட்டும் நாட்டுப்பாட்டுதானே? அதை அப்படிக் கத்திப் பாடுவீங்களா?

காவிரிக்கரை:
தாலாட்டு என்று சொன்னதும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தாலாட்டுப் பாடுகிற வீட்டில் பிள்ளை சிணுங்கினால் யாரும் முறைப்பதில்லை. அதில் நான் மாறவில்லை.

அடுத்த மாதம் பையனோடு மறுபடி போகப் போகிறேன். கதவோரம் கடைசி வரிசையில் உட்காருவோம். இடைவேளையில் அந்த வாத்தியத்தை அவன் ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாமா என்று அந்த அம்மாவிடமே கேட்பேன்.