மிட்-மேஜருக்குத் தமிழில் என்ன? 'குறுநில அணி' என்று வைக்கலாமா

வணக்கம் நண்பர்களே,

மூன்று நாளாக ஓடுகிற இந்த இழையில் வந்த எல்லா மடல்களையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மிட்-மேஜருக்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டவன் நான்தான் என்பதால் எனக்கு ஏன் இந்த அவசரம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் 3-ம் தேதி அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து தொடங்குகிறது. அதற்குள் மிசூரி வேலி கூட்டமைப்பின் 11 அணிகளும் இந்த வருடம் எப்படி இருக்கும் என்று தமிழில் ஒரு கட்டுரை எழுதி முடிக்க வேண்டும். முதல் வரியிலேயே 'மிட்-மேஜர்' (பணமும் செல்வாக்கும் மிகுந்த பெரிய கூட்டமைப்புகளுக்கு வெளியே இருக்கும் அணி) வந்து வழியை மறிக்கிறது, அதைத் தாண்டாமல் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

கான்ஃபரன்ஸ், அதாவது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் குழு, என்பதற்கு 'கூட்டமைப்பு' என்பதில் எல்லாரும் ஒத்துப்போய்விட்டோம், நல்லது. 'மாநாடு' என்று சில செய்தித்தளங்களில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். மாநாடு கூடிக் கலைவது. மிசூரி வேலி 1907-லிருந்து கலையாமல் இருக்கிற அமைப்பு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

> மிட் என்றால் இடை, மேஜர் என்றால் பெரு. 'இடைப்பெரு அணி' என்று நேராகப் பெயர்த்துவிட்டால் போதாதா ஐயா?

போதாது என்றுதான் நினைக்கிறேன். அந்த ஆங்கிலச் சொல்லே அளந்து வைத்த பெயர் இல்லை. 1977-ல் வாஷிங்டனில் ஒரு பயிற்சியாளர் பேச்சுவாக்கில் சொன்னது, பத்திரிகைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்பார்கள். 'பெரியவர்கள் இல்லை, ஆனால் தள்ளிவிடவும் முடியாது' என்று மரியாதையாகச் சொல்ல ஒரு சொல் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதன் இரண்டு பாதிகளையும் தனித்தனியாகப் பெயர்த்து ஒட்டினால், ஆங்கிலச் சொல் ஏற்கெனவே தெரிந்தவருக்கு மட்டும்தான் அது புரியும். அவருக்குத் தமிழ்ச் சொல்லே தேவையில்லையே.

'இடைநிலை அணி' என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் இடைநிலை ஆசிரியர், இலங்கையில் இடைநிலைக் கல்வி என்று இரண்டு பக்கமும் அந்தச் சொல் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. 'இடைநிலைக் கல்லூரி அணி' என்று எழுதினால் பத்தாம் வகுப்புப் பையன்கள் ஆடுகிறார்கள் என்று யாராவது நினைத்தால் அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. 'நடுத்தர அணி'யில் வேறு சிக்கல். தரம் என்ற சொல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. கடையில் நடுத்தர ரகம் என்றால் சுமாரானது என்று பொருள். 2010, 2011 இரண்டு வருடமும் பட்லர் என்கிற மிட்-மேஜர் அணி தேசியப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை போனது, 2010-ல் டியூக் பல்கலைக்கழகத்திடம் 61-59 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. அந்த அணியை நடுத்தரம் என்று எழுத எனக்குக் கை வராது.

> அப்படியென்றால் 'சிறு கல்லூரி அணிகள்'?

இதைத்தான் கொஞ்சம் விரிவாக மறுக்க வேண்டும், ஏனென்றால் தமிழில் எழுதுகிற எல்லாரும் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்திருக்கிறேன். டியூக்கில் இளநிலை மாணவர்கள் 7,000 பேர்கூட இல்லை. சான் டியேகோ ஸ்டேட்டில் 30,000-க்கும் மேல். ஆனால் டியூக் பெரிய கூட்டமைப்பில் இருக்கிறது, சான் டியேகோ ஸ்டேட் 2023-ல் இறுதி ஆட்டம் வரை போனபோதும் மிட்-மேஜர் என்றுதான் எழுதினார்கள். ஆக, இது கல்லூரியின் பருமன் பற்றிய சொல்லும் இல்லை, ஆட்டத்தின் தரம் பற்றிய சொல்லும் இல்லை. யார் கையில் தொலைக்காட்சிப் பணம், யார் அரங்கில் ஆட்டம், தேசியப் போட்டிக்கு அணிகளைப் பொறுக்கும் தேர்வுக்குழு யாருக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுக்கும் என்பது பற்றிய சொல். அதிகாரம் எங்கே இருக்கிறது என்று சொல்கிற சொல்.

அது தமிழில் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. வேந்தர், குறுநில மன்னர். மூவேந்தரைத் தவிர மற்றவர்களைக் குறுநில மன்னர் என்று ஆறாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம், அகராதி பார்க்க வேண்டியதில்லை. என் முன்மொழிவு இதுதான்: பெரிய ஐந்தும், அதாவது பிக் டென், எஸ்இசி, பிக் 12, ஏசிசி, பிக் ஈஸ்ட், 'வேந்தர் கூட்டமைப்புகள்'. மற்றவை 'குறுநிலக் கூட்டமைப்புகள்'. அதில் ஆடுவது 'குறுநில அணி'.

> குறுநில மன்னர் என்றால் அடங்கி நடப்பவர், கப்பம் கட்டுபவர் என்ற பொருள் வந்துவிடாதா? அந்த அணிகளுக்கு அது இழிவு இல்லையா?

இந்த மடலைப் படித்துவிட்டு ஒரு இரவு முழுக்க யோசித்தேன். நியாயமான கேள்வி. ஆனால் பாரியை யாரும் இழிவாக நினைப்பதில்லையே. மூன்று வேந்தரும் சேர்ந்து முற்றுகையிட வேண்டியிருந்தது அவன் ஒருவனுக்காக. தகடூர் அதியமான் எழுவரை எதிர்த்து வென்றவன் என்று ஔவை பாடினார். பின்னால் சேரன் வந்து தகடூரை அழித்தான் என்பதும் உண்மை. இரண்டும் சேர்ந்ததுதான் அந்தச் சொல். 2018 தேசியப் போட்டியில் யூஎம்பிசி என்கிற மேரிலாந்துக் குறுநில அணி தரவரிசையில் 16-ம் இடத்திலிருந்து வந்து முதலிடத்து வர்ஜீனியாவை 74-54 என்று சாய்த்தது, அதற்கு முன் ஆண்கள் போட்டியில் யாரும் செய்யாதது. இரண்டு நாள் கழித்து அடுத்த ஆட்டத்தில் வெளியேறிவிட்டது. குறுநிலம் என்பது தோற்றவன் என்று பொருள்படவில்லை. தன் மண், தன் கொடி, தன் பாணர்கள் எல்லாம் இருந்தும் பக்கத்தில் ஒரு வேந்தன் இருக்கிறான் என்று பொருள்.

அப்புறம் அந்தக் கப்பம். நீங்கள் குறையாகச் சொன்னது எனக்கு வலுவான காரணமாகவே படுகிறது. நமக்கு அதற்குத் 'திறை' என்று பழைய சொல்லே உண்டு. டிரேக் பல்கலைக்கழகத்தின் கதையை மட்டும் சொல்கிறேன். அயோவா மாநிலத்தில் டி மாயின் ஊரில் இருக்கிறது. 2024 மார்ச்சில் மிசூரி வேலி இறுதியில் இந்தியானா ஸ்டேட்டை 84-80 என்று வென்றது, உடனே பயிற்சியாளர் டேரியன் டிவ்ரீஸ் வேந்தர் கூட்டமைப்பில் இருக்கும் வெஸ்ட் வர்ஜீனியாவுக்குப் போய்விட்டார், நட்சத்திர ஆட்டக்காரரான அவர் மகனும் கூடவே. இரண்டாம் பிரிவில், அதாவது கல்லூரி ஆட்டத்தின் அடுத்த கீழ் அடுக்கில், நான்கு பட்டம் வென்ற பென் மெக்காலமைக் கொண்டுவந்தார்கள். அவர் தன் பழைய கல்லூரியிலிருந்து நான்கு ஆட்டக்காரர்களையும் அழைத்து வந்தார், இரண்டாம் பிரிவுப் பையன்கள் இங்கே தாங்குவார்களா என்று எல்லாரும் கேட்டார்கள். முடிவு 31 வெற்றி, 4 தோல்வி. 2025 தேசியப் போட்டியில் எஸ்இசி அணியான மிசூரியை 67-57 என்று வீழ்த்தினார்கள். ஒரே வாரத்தில் மெக்காலம் பிக் டென்னில் இருக்கும் அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போனார், அதே மாநிலம், காரில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அணியின் நட்சத்திரம் பென்னட் ஸ்டர்ட்ஸும் இன்னும் பலரும் பின்னாலேயே போய்விட்டார்கள். 2025-ல் பயிற்சியாளராக எரிக் ஹென்டர்சன் வந்தார். மூன்று வருடத்தில் மூன்று பயிற்சியாளர். ஒவ்வொரு வசந்தத்திலும் நல்ல ஆட்டக்காரரும் நல்ல பயிற்சியாளரும் மேலே போவதற்குத் திறை என்பதைவிடப் பொருத்தமான சொல்லை யாராவது காட்டினால் ஏற்றுக்கொள்கிறேன்.

இது முன்பும் நடந்ததுதான், ஆனால் இந்த வேகத்தில் இல்லை. 2021-ல் ஒரு முறை கல்லூரி மாறினால் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டியதில்லை என்று விதி தளர்ந்தது, 2024-ல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரை வைத்துப் பணம் ஈட்டலாம், 2025-26 பருவத்திலிருந்து கல்லூரியே நேரடியாக, முதல் வருடத்தில் ஏறக்குறைய 2.05 கோடி டாலர் வரை எல்லா விளையாட்டுக்குமாகப் பகிரலாம். அந்த உச்சவரம்பைத் தொட யாரால் முடியும் என்பது எல்லாருக்கும் தெரியும். 2025 தேசியப் போட்டியில் கடைசி 16 அணிகளும் நான்கே கூட்டமைப்புகளிலிருந்து வந்தன, எஸ்இசியிலிருந்து மட்டும் ஏழு. குறுநிலத்திலிருந்து ஒன்றுகூட இல்லை. பல வருடங்களாக இந்த ஆட்டத்தைப் பார்க்கிறவனுக்கு அது மனசை அறுக்கிற செய்தி, எழுதும்போதே வருத்தமாக இருக்கிறது.

இதனால்தான் குறுநில அணியின் கணிப்பு எழுதும் முறையே மாறிவிட்டது. முன்பு போன வருடம் எப்படி ஆடினார்கள் என்று பார்ப்போம். இப்போது முதலில் கேட்பது, போன வருடம் ஆடிய நிமிடங்களில் எத்தனை சதவீதம் இந்த வருடமும் அதே ஊரில் இருக்கிறது என்பதுதான். இதற்கு 'எஞ்சிய நிமிடங்கள்' என்று எழுதுகிறேன். இல்லினாய் ஸ்டேட்டைப் பலரும் முன்னால் வைப்பதற்கு அதுதான் காரணம், முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் போகாமல் இருந்துவிட்டார்கள். தேசியப் போட்டிக்கு அவர்கள் கடைசியாகப் போனது 1998-ல். பிராட்லி 2025 மார்ச்சில் மிசூரி வேலி இறுதி வரை வந்து டிரேக்கிடம் தோற்ற அணி, பசி இருக்கும். நார்தர்ன் அயோவாவில் பயிற்சியாளர் பென் ஜேக்கப்சனுக்கு 2025-26 என்பது 20-வது பருவம். இந்தக் காலத்தில் ஒரே இடத்தில் 20 வருடம் என்பதே ஒரு கணிப்புக் காரணி.

இதர சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025-26 தேசியப் போட்டியில் 68 அணிகள். 31 இடங்கள் கூட்டமைப்பு வாகையருக்கு உரியவை, அதை 'உரிமை இடம்' என்கிறேன். மீதி 37 குழு பார்த்துக் கொடுப்பது, 'தெரிவு இடம்'. வாகையர் தவிர யாருமே உள்ளே போக முடியாத கூட்டமைப்புக்கு 'ஓரிடக் கூட்டமைப்பு'. மிட்-மேஜருக்கும் கீழே இருப்பதைக் குறிக்கும் லோ-மேஜர் என்ற சொல்லுக்குத் தனியாகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம், பெரும்பாலும் இதுவே அந்த வேலையைச் செய்துவிடும். 2024-ல் இந்தியானா ஸ்டேட் 28 ஆட்டம் வென்று, தேசியத் தரவரிசையில் 30-க்குள் இருந்தும் தெரிவு இடம் கிடைக்காமல் போனதே, அதை விளக்க இந்த இரண்டு சொற்களும் கட்டாயம் வேண்டும்.

பெரிய கல்லூரி பணம் கொடுத்துச் சின்ன அணியைத் தன் அரங்குக்கு வரவழைக்கும் ஆட்டத்துக்கு 'விலை ஆட்டம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம், 'விலைபோன ஆட்டம்' என்று படித்தால் சூதாட்டப் புகார் மாதிரி ஆகிவிடும். 'சன்மான ஆட்டம்' என்று வைத்திருக்கிறேன். வெளியூர் அணியை அழைத்துக் கையில் கொஞ்சம் தொகை வைத்து அனுப்புவது நம் ஊர்க் கபடிப் போட்டிகளிலும் உண்டு, பொருள் உடனே பிடிபடும். சீசனுக்குப் 'பருவம்' மட்டும் போட்டால் கல்லூரி என்றதும் பருவத் தேர்வு நினைவுக்கு வருகிறது, அதனால் தலைப்பில் 'ஆட்டப்பருவம்', உள்ளே பொருள் தெளிவான இடங்களில் வெறும் பருவம்.

ஒரே ஒரு இடத்தில் எனக்கே முழு நிறைவு இல்லை. கொன்சாகா. வெஸ்ட் கோஸ்ட் என்கிற குறுநிலத்தில் இருந்துகொண்டு 2017, 2021 இரண்டு முறை இறுதி ஆட்டம் ஆடியது, 2026-ல் பாக்-12 கூட்டமைப்புக்கு மாற முடிவெடுத்தது. அதைக் குறுநில அணி என்றால் அந்த ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் சங்க காலத்தில் வேந்தராக இருந்த சோழர்களே, விஜயாலயன் தஞ்சாவூரைப் பிடிப்பதற்கு முன் குறுநிலத்தாராகச் சுருங்கித்தானே இருந்தார்கள். வளர்ந்தவரை 'குறுநிலத்திலிருந்து எழுந்த அணி' என்று விவரித்துவிடலாம், தனிச் சொல் தேவையில்லை என்று நினைக்கிறேன். வேறு யோசனை இருந்தால் இந்த இடத்தில்தான் அதிகம் வேண்டும்.

கட்டுரையின் தொடக்கத்தை இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: 'திறை கொடுத்து மெலிந்த டிரேக், வேர் விட்டு நிற்கும் நார்தர்ன் அயோவா, ஆளை இழக்காத இல்லினாய் ஸ்டேட்: மிசூரி வேலி குறுநில அணிகளின் ஆட்டப்பருவக் கணிப்பு.' கூடைப்பந்தே பார்க்காத ஒருவரிடம் இதை வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்டு எழுதுங்கள். வெள்ளிக்கிழமை இரவு அனுப்பியாக வேண்டும், அதற்கு முன் வருகிற எல்லா மடலையும் பார்த்துவிடுவேன்.

அன்புடன்.