புதுப்பிப்பு: பிஷ் ஃபைண்டர் திரையில் புள்ளி மழை, காரணம் தெரிந்தது

ஒலி அனுப்பி நீருக்கடியில் மீனைக் காட்டும் கருவியான பிஷ் ஃபைண்டரில், ஃபைபர் படகில் 15 பாக (சுமார் 27 மீட்டர்) ஆழத்தில் திரை முழுக்கப் புள்ளியும் குறுக்குக் கோடுமாக வருகிறது, மீன் எது குப்பை எது என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது தெரிந்தது இதுதான்.

முதலில் கருவி தானே செட்டிங் மாற்றும் ஆட்டோவை அணையுங்கள். அந்த ஆழத்துக்கு ஒலி அலைவரிசை 50 வேண்டாம், 200 கிலோஹெர்ட்ஸ் போதும்; ஒலிக்கற்றை குறுகுவதால் தரையை ஒட்டி நிற்கும் மீன் தனியாகத் தெரியும். கெயினை (எதிரொலியை உணரும் திறனை) புள்ளி தூவும்வரை ஏற்றி, மெல்ல இரண்டு படி இறக்கவும். இன்னும் இறக்கினால் சிறு மீன் திரையிலேயே வராது. மீன் பொம்மை காட்டும் வசதி சுத்த ஏமாற்று: பாசிக்கும் காற்றுக்குமிழிக்கும் அதே பொம்மைதான்!

குறுக்குக் கோடுகளுக்கு செட்டிங் காரணமே இல்லை. என்ஜினை நிறுத்தியதும் மறைந்தன. டிரான்ஸ்டியூசர் (ஒலியை அனுப்பி வாங்கும் உணரி) வயரை என்ஜின் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தது. பிரித்து எதிர்ப்பக்கமாக ஓட்டியதும் திரை தெளிந்துவிட்டது.