ஆன்டிபாடி போனா எல்லாம் போச்சா?

கரிச்சான்:
"ஆன்டிபாடி ஆறு மாசம்தான். அப்புறம் கொரோனா வந்தா உடம்பு திறந்த வீடு"ன்னு ஒருத்தர் அளந்து விட்டிருக்கார். கிருமியைப் பிடிக்கற புரதம்தான் ஆன்டிபாடி, அது குறையறது இயல்புங்க. பழைய கிருமியை ஞாபகம் வச்சிருக்கற வெள்ளையணுங்க, அதான் மெமரி பி செல், டி செல் எல்லாம் எங்கே போச்சு? 2003ல சார்ஸ் வந்தவங்க ரத்தத்துல 17 வருஷம் கழிச்சும் அந்த வைரஸைத் தெரிஞ்ச டி செல் இருந்தது.

நெட்டிலிங்கம்:
அளந்து விட்டவன் நான்தான். என் ஆன்டிபாடி டெஸ்ட் ரிப்போர்ட்டே நெகட்டிவ். ரெண்டு தடவை கொரோனா வந்தவன் நான். ரெண்டாவது தடவை உங்க டி செல் தூங்கிட்டிருந்துச்சோ?

கரிச்சான்:
வைரஸ் மூக்குக்குள்ள நுழையறதை டி செல் தடுக்காது. வைரஸ் புகுந்த செல்லைத் தேடிக் கொல்றதுதான் அதோட வேலை. அதனாலதான் ரெண்டாவது தடவை பலருக்கும் ஜலதோஷத்தோட போயிடுது. போதாததுக்கு 2021 கடைசியில வந்த ஓமிக்ரான்ங்கிற கொரோனா வகை, ஸ்பைக்ல, அதான் வைரஸ் மேல முள்ளு மாதிரி நிக்கற புரதத்துல மட்டும் 30 மாற்றத்துக்கு மேல வச்சிருந்தது. பழைய ஆன்டிபாடிக்கு ஆளே சரியா அடையாளம் தெரியல. அது இருக்கட்டும், உங்க டெஸ்ட்ல தேடினது ஸ்பைக் ஆன்டிபாடியா, இல்ல வைரஸுக்கு உள்ளே இருக்கற நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கான ஆன்டிபாடியா?

நெட்டிலிங்கம்:
நெகட்டிவ்னு போட்டிருக்கு.

கரிச்சான்:
எதுக்கு நெகட்டிவ்?

நெட்டிலிங்கம்:
நெகட்டிவ்னா நெகட்டிவ்தான்யா!

மின்மினி:
ரெண்டு பேரும் தமிழ்லயே பேசலாமே. 'நினைவணு'ன்னு அழகா சொல்லலாம்.

கரிச்சான்:
செல்லுக்கு 'அணு'ன்னா ஆட்டமுக்கு என்ன வைப்பீங்க? போன வருஷமே இதுக்கு மூணு நாள் சண்டை போட்டாச்சு. தாங்காது தாயே.

மின்மினி:
வெள்ளையணுன்னு சொல்றப்ப மட்டும் இனிக்குதோ?

பழையசோறு:
எதிர்ப்புச் சக்தியை ஏத்திக்கிட்டா போதும், ஆன்டிபாடியாவது ஒண்ணாவது.

கரிச்சான்:
வந்துட்டார்! பலர் ஐசியூவுக்குப் போனதே எதிர்ப்பு கட்டுக்கடங்காம போய்த்தான். ஆரம்பத்துல வைரஸ் வந்ததும் எச்சரிக்கை விடற இன்டர்ஃபெரான் மந்தம், பின்னால வீக்கத்தைத் தூண்டற சைட்டோகைன் வெறியாட்டம். ஆக்ஸிஜன் வச்சவங்களுக்கு டெக்ஸாமெத்தசோன் உயிர் காக்கும்னு 2020 ஜூன்ல தெரிஞ்சதே, அது எதிர்ப்பை ஏத்துற மருந்தா? அடக்குற மருந்து! நெட்டிலிங்கம் சார், ஓடாதீங்க. உங்க டெஸ்ட்ல தேடினது ஸ்பைக்கா, நியூக்ளியோகேப்சிட்டா?

நெட்டிலிங்கம்:
யாரும் ஓடல. ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துட்டேன். நீங்க கேக்கற வரி மடிப்புல கிழிஞ்சிருக்கு. நெகட்டிவ் மட்டும் பளிச்னு தெரியுது.