ஆய்வில் பங்கேற்காதவர் பெயரைக் கட்டுரையில் சேர்க்கலாமா?

கேள்வி: ஆய்வகச் சாவியைக் கொடுத்ததைத் தவிர வேறெதிலும் பங்கேற்காத துறைத்தலைவர், இதழுக்கு அனுப்பவிருக்கும் என் கட்டுரையில் தம்மை இரண்டாம் ஆசிரியராகச் சேர்க்கச் சொல்கிறார். மறுக்க விதி ஏதேனும் உண்டா?

பதில் 1: உண்டு. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நெறிப்படி, ஆய்வில் கணிசமான பங்களிப்பு, எழுத்திலோ திருத்தத்திலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு ஆய்வுக்கும் பொறுப்பேற்பு ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தவரே ஆசிரியர்; சாவி கொடுத்தவருக்கு நன்றியுரையில் ஒரு வரி போதும்.

பதில் 2: நான்காவது நிபந்தனையை அவரிடமே காட்டுங்கள். 1998இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட தடுப்பூசி–ஆட்டிசம் கட்டுரையின் 13 ஆசிரியர்களில் 10 பேர், இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற அதன் விளக்கத்தை 2004இல் திரும்பப் பெற நேர்ந்தது. 2010இல் இதழ் கட்டுரையையே திரும்பப் பெற்றது.

கேட்டவர்: நன்றி ஐயா. ஒவ்வோர் ஆசிரியரும் என்ன செய்தார் என்று குறிக்கும் பங்களிப்புப் படிவத்தில் அவர் பெயருக்கு நேரே என்ன எழுதுவதென்று நாளை அவரிடமே கேட்கிறேன்.