ஏகேடி கூட்டியும் மட்டை தண்ணீர் குடிக்கிறது, எங்கே பிழை?

இரவு_ஷிப்ட்:
எல்லாருக்கும் வணக்கம். கொழும்பிலிருந்து ஒரு மணித்தியாலத் தூரத்தில் உள்ள சின்ன ஆலை ஒன்றில் வேலை செய்கிறேன். பழைய காட்போட் பெட்டிகளைக் கரைத்துப் பழுப்பு மட்டைக் கடதாசி ஓட்டுகிறோம், எல்லாம் திரும்பவும் பெட்டி செய்பவர்களுக்குத்தான் போகிறது. மார்ச் வரைக்கும் கொப் (மட்டை எவ்வளவு தண்ணீர் உறிஞ்சுகிறது என்ற அளவு, குறைந்தால் நல்லது) 30, 32 என்று நின்றது. சித்திரை வருசத்துக்கு ஒன்பது நாள் மூடித் திறந்த பிறகு 45, அப்புறம் 60, போன கிழமை ஒரு ரீல் 75. முன்பெல்லாம் ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்தால் முத்து மாதிரி நிற்கும், இப்போது பேனையை எடுத்து எழுதுவதற்குள் கறுத்துப் பரவிவிடுகிறது. ஏகேடியை (கடதாசி தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூழில் சேர்க்கும் மெழுகுக் குழம்பு) டன்னுக்கு 10 கிலோவிலிருந்து 16 கிலோ ஆக்கினோம். பலன் இல்லை. உலர்த்தும் உருளைகளில் வெள்ளையாக மெழுகு ஒட்டுகிறது, அடுக்கி வைத்த பெட்டி வழுக்கி விழுகிறது என்று வாங்குபவர் சொல்கிறார், கூழை மெஷினுக்குள் பாய்ச்சும் ஹெட்பொக்ஸில் நுரையும் கூடிவிட்டது. மனேஜர் இன்னும் கூட்டிப் பார் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

வாழைச்சேனை_பழையவர்:
தம்பி, தயவுசெய்து கூட்ட வேண்டாம். மெழுகு ஒட்டுவதும் பெட்டி வழுக்குவதும் போட்ட ஏகேடி நாரோடு சேரவில்லை என்பதற்கு அடையாளம். தண்ணீரோடு சேர்ந்து கெட்டுப்போன ஏகேடி கடதாசியைக் காக்காது, ஒட்டவும் வழுக்கவும் மட்டும்தான் செய்யும்.

நான் வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வைக்கோல் கூழோடு மல்லுக்கட்டின ஆள். அந்தக் கூழ் தண்ணீரை லேசில் விடாது, தண்ணீர் வடியும் வலையான வயரில் சேறு மாதிரிக் கிடக்கும், மெஷினை வேகமாக ஓட்டவே முடியாது. அப்போது எங்களுக்கு மரப் பிசினான ரோசினும், அதை நாரில் பிடிக்க வைக்கும் அலம் என்ற அமில உப்பும்தான், பி.எச். 4.5, 5 என்று அமிலத்திலேயே ஓடினோம். ஏகேடிக்கு அது நேர் எதிர், 7.5 அளவிலோ அதற்கு மேலோ இருந்தால்தான் ஒழுங்காகப் பிடிக்கும். நுரை என்று சொன்னபடியால் கேட்கிறேன், யாராவது பழக்கத்தில் அலம் போடுகிறார்களா? கழிவுக் கடதாசியில் கல்சியம் காபனேற்று எப்போதும் இருக்கும், அமிலம் பட்டவுடன் வாயு கிளம்பும், நுரை வரும். அலம் இல்லையென்றால் இன்னொன்று. அந்த ஒன்பது நாளும் தொட்டிகளில் கூழ் கிடந்ததா? திறந்த அன்று மணம் எப்படி?

வெள்ளவத்தை_கெமிஸ்ட்:
ஐயா கேட்டது சரியான கேள்வி. அதோடு ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள், செலவே இல்லை. ஒரே ரீலிலிருந்து இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை 105 பாகை சூட்டடுப்பில் பத்து நிமிடம் வைத்து ஆறவிட்டு, இரண்டுக்கும் கொப் எடுங்கள். அடுப்பில் வைத்தது நன்றாகக் குறைந்தால் ஏகேடி கடதாசியில் இருக்கிறது, சூடு போதாமல் வேலை முடியவில்லை என்று அர்த்தம். குறையாவிட்டால் அது கடதாசிக்கு வந்தே சேரவில்லை, அல்லது பரலிலேயே கெட்டுவிட்டது.

பரல்களை எங்கே வைக்கிறீர்கள்? ஏப்ரல் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கிடந்தால் அந்தக் குழம்பு தாங்காது. அப்புறம் ஹெட்பொக்ஸ் கூழின் அடர்த்தியையும் வயருக்குக் கீழே விழும் தண்ணீரின் அடர்த்தியையும் எடுத்துப் போடுங்கள். ஏகேடியில் பெரும் பங்கு பொடி நாரில்தான் ஏறும். அந்தப் பொடி வயரில் நிற்காமல் ஓடினால் ஏகேடியும் கூடவே ஓடி, சூடான தண்ணீரில் சுற்றிச் சுற்றிக் கெடும்.

இரவு_ஷிப்ட்:
எல்லாம் பார்த்தேன். அலம் யாரும் போடவில்லை. ஆனால் இரண்டு தொட்டியிலும் கூழ் கிடந்திருக்கிறது, திறந்த அன்று புளித்த வாந்தி மணம் என்று பகல் ஷிப்ட் அண்ணா சொல்கிறார். இப்போதும் பி.எச். 6.2. சூட்டடுப்புச் சோதனையில் கொப் 72 போய் 67 ஆனது, அவ்வளவுதான். பரல்கள் தகரக் கூரைக்குக் கீழே, அதுவும் பொயிலர் சுவரோடு ஒட்டி! கூழின் அடர்த்தி ஹெட்பொக்ஸில் நூற்றுக்கு 0.9, வயருக்குக் கீழே 0.4.

வெள்ளவத்தை_கெமிஸ்ட்:
அப்படியென்றால் நூற்றுக்கு 56 அளவுதான் வயரில் நிற்கிறது, மிச்சம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பொடி நாரை வயரில் பிடித்து நிறுத்தப் போடும் பொலிமரைக் கரைக்கும் இடத்தில் போய் நில்லுங்கள். தூளை ஒரேயடியாகக் கொட்டினால் மீன்கண் மாதிரிக் கட்டி விழும், அது வேலை செய்யாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, மெதுவாக ஒரு மணித்தியாலம் கலக்க வேண்டும். அதைப் போடும் இடம் கூழைச் சலிக்கும் ஸ்கிரீனுக்குப் பிறகு இருக்கட்டும், முன்னால் போட்டால் ஸ்கிரீனும் பம்பும் பொலிமரின் நீளச் சங்கிலி மூலக்கூறை அறுத்துவிடும்.

வாழைச்சேனை_பழையவர்:
புளிப்பு வந்தது பக்டீரியாவால். அது மாப்பொருளைத் தின்று அமிலம் விடும், அமிலம் காபனேற்றைக் கரைக்கும், உங்கள் நுரைக்கு அதுதான் காரணம். நீங்கள் போடுகிற ஸ்டாச்சையும் அது விட்டுவைக்காது, கடதாசியின் பலமும் குறைந்திருக்கும், பாருங்கள். தொட்டியைக் காலிசெய்து சுவரில் பிடித்த வழுவழுப்பைச் சுரண்டிக் கழுவுங்கள், கழுவாமல் மருந்து ஊற்றிப் பயனில்லை. அடுத்த முறை மூடும்போது கடைசி ஷிப்டிலேயே கூழை ஓட்டி முடித்துவிடுங்கள்.

இரவு_ஷிப்ட்:
ஐயா, அக்கா, பெரிய உதவி. ஞாயிற்றுக்கிழமை தொட்டி கழுவினோம், விரல் மொத்தத்துக்குச் சளி மாதிரி வந்தது. பொலிமர் ஸ்கிரீனுக்கு முன்னால்தான் போய்க்கொண்டிருந்தது, குழாயை மாற்றிவிட்டோம். புதுப் பரல்களை உள்ளே நிழலில் வைத்து, ஏகேடியைத் திரும்ப 10 கிலோவுக்கு இறக்கினோம். பி.எச். 7.4. நேற்று இரவு கடைசி ரீல் கொப் 38. மனேஜர் அந்தத் தாளை மேசையில் வைத்துத் தானே தண்ணீர் விட்டுப் பார்த்தார், சொட்டு நின்றது.