அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது? சொல்லியே ஆக வேண்டுமா?

பின்னட்டை:
எழுத்தாளரே பதில் சொல்ல வந்திருப்பதால் நேராகவே கேட்டுவிடுகிறேன். சார், உங்கள் நாவலில் வரும் தபால்காரர் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் வாசித்துக் காட்டுகிறவர். கிழவிக்கு வந்த கடிதத்தை மட்டும் மனசுக்குள் படித்துவிட்டு, மடித்துக் கொடுத்து, "எல்லாரும் சௌக்கியமாம்" என்கிறார். உள்ளே என்ன எழுதியிருந்தது என்று கடைசிவரை நீங்கள் சொல்லவில்லை. அது தெரியாமல், அவர் செய்தது கருணையா துரோகமா என்று எதை வைத்து முடிவு செய்வது? மறக்க முடியாத பாத்திரம் என்று இங்கே பலரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அவர் பாதியில் விடப்பட்ட பாத்திரம்.

இரவுவாசி:
பாதியில் விட்டதால்தானே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம், நண்பரே? பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை தொடராக வந்து முடிந்ததும், அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் துளைத்து எடுத்தார்கள். கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பதில்கள் இன்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கின்றன? நந்தினியை யாரும் மறக்கவில்லை.

பின்னட்டை:
நந்தினி மனசில் நிற்பதற்கு மர்மம் மட்டும் காரணம் இல்லை. பழுவேட்டரையரிடம் ஒரு முகம், கரிகாலனிடம் ஒரு முகம், தனியாக அந்த வாளை வைத்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு முகம் என்று கல்கி அவளை அவ்வளவு அருகில் கொண்டுவந்து காட்டுகிறார். காட்டியதால் நிற்கிறாள். மறைத்தாலே ஆழம் வந்துவிடும் என்றால் எழுதுகிறவர் பாடு ரொம்பச் சுலபம்.

எழுத்தாளர்:
பின்னட்டை சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். வெறுமனே மறைப்பதால் ஆழம் வராது. அந்தக் கடிதத்தை நான் முழுசாக எழுதினேன். முதல் படியில் அது ஒரு பக்கத்துக்கு இருந்தது. படித்துப் பார்த்த நண்பர்கள் எல்லாரும் கடிதத்தைப் பற்றியே பேசினார்கள். அதில் வரும் செய்தி அப்படி. தபால்காரரின் கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மடித்த தாளை அவர் மறுபடி விரிக்கிறார், கடைசி வரியில் கட்டைவிரலை வைத்துக்கொள்கிறார், பிறகு பழைய மடிப்பிலேயே மடிக்கிறார். எனக்கு வேண்டிய ஆள் அந்த மடிப்பில்தான் இருக்கிறார். கடிதம் அவரை மறைத்தது, எடுத்துவிட்டேன். ஒரு பாத்திரம் என்ன செய்கிறது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. எதற்காகச் செய்கிறது என்பதை ஆசிரியர் வந்து விளக்கவும் கூடாது.

கூழாங்கல்:
நான் பின்னட்டை பக்கம். ஆனால் என் காரணம் வேறு. 1966இல் ஜெயகாந்தன் 'அக்னிப் பிரவேசம்' எழுதினார். மழையில் காரில் ஏறிக் கெட்டு வந்த பெண்ணின் தலையில் அம்மா தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். எத்தனை எதிர்ப்பு! அப்படியா, சரி, அம்மா ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம் என்பதுபோல அவர் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார். கங்கா பிறந்தாள். அந்தச் சிறுகதையை எழுதிய எழுத்தாளரே அந்த நாவலுக்குள் ஒரு பாத்திரமாக வருகிறார். வாசகர் விடாமல் கேட்டதால் ஒரு பெண்ணுக்கு முழு வாழ்க்கை கிடைத்தது. நீங்களும் எழுதலாமே சார்?

இரவுவாசி:
வாசகர் கேட்டு எழுதியது எல்லாம் கங்கா ஆகிவிடாது. கானன் டாயில் 1893இல் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் முடித்தார். ஜனங்கள் விடவில்லை, 1903இல் திரும்ப அழைத்துவந்தார். அந்தக் கதைகளை நானும் ஆசையோடு படித்தவன்தான். ஆனால் செத்துப் பிழைத்து வந்த மனிதன் போனபோது எப்படி இருந்தானோ அப்படியே வந்து நிற்கிறான். புதிதாக அவனைப் பற்றி நமக்கு என்ன தெரிந்தது?

எழுத்தாளர்:
வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. ஜெயகாந்தன் வாசகர் கேட்டதைக் கொடுக்கவில்லை. அவர்கள் நியாயம் என்று நினைத்ததை நடத்திக் காட்டி, அதற்கு அந்தப் பெண் கொடுத்த விலையை நம் முன்னால் வைத்தார். கங்காவின் கடைசிப் பக்கங்களைப் படித்துவிட்டு யாராலும் நிம்மதியாகத் தூங்க முடியாது. அப்படி ஒரு கேள்வி எனக்குள் எழுந்தால் நிச்சயம் எழுதுவேன். "கடிதத்தில் என்ன இருந்தது" அந்தக் கேள்வி இல்லை.

கூழாங்கல்:
அப்படியானால் வேறொன்று கேட்கிறேன். இவ்வளவு நேரம் எல்லாரும் தபால்காரரையே பேசுகிறோம். கடிதம் கிழவியுடையது! அவளுக்கு வந்ததை அவளுக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்ள இவர் யார்? மறுநாள் அவள் அதே கடிதத்தைக் கொண்டுவந்து இன்னொரு தரம் படிக்கச் சொல்கிறாள். இவரும் அதே வார்த்தையைச் சொல்கிறார். அவள் வாசலில் நின்று, "நேத்தும் இதேதான் இருந்துதா?" என்று கேட்கிறாள். எனக்கு அந்த நாவலில் மறக்க முடியாத ஆள் அவள்தான். அவளுக்கு நீங்கள் மொத்தம் ரெண்டு பக்கம்தான் கொடுத்திருக்கிறீர்கள்.

எழுத்தாளர்:
அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துத்தான் அந்த வாக்கியத்தை எழுதினேன் அம்மா. தெரிந்தும் அவரை ஏன் விட்டுவிட்டாள் என்பது என்னை இன்னும் தொந்தரவு செய்கிறது. இரண்டாம் பாகம் என்று ஒன்று வந்தால் அது அவளிடமிருந்துதான் ஆரம்பிக்கும்.

பின்னட்டை:
அவளுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டால், அவளுக்குத் தெரியும் என்பது தபால்காரருக்குத் தெரியுமா? அதன்பிறகு அவர் அந்தத் தெரு வழியாகப் போவதே இல்லை என்று ஒரு வரி வருமே, அதை நான் இடமாற்றம் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். அந்த அத்தியாயத்தை மறுபடி படிக்க வேண்டும். கடிதம் விஷயத்தில் நான் இன்னும் இறங்கிவரவில்லை சார், அதையும் சொல்லிவிடுகிறேன்.